நாற்பதுக்கு முடிந்த காற்று

நாற்பது என்று கை கொடுத்தவன் அவன். நான் இல்லை. அதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு மற்றதைக் கேளுங்க தம்பி.

ஏமாற்றுக்காரன் என்று அவனைச் சொல்ல மாட்டேன். ஏமாற்றுக்காரர்களை எனக்குத் தெரியும், அவர்களோடுதான் ஆயுசு முழுக்கத் தொழில் பார்க்கிறேன். பல்லை ராவி மாட்டின் வயதைக் குறைத்துக் காட்டுகிறவன், கொம்பைச் சீவி எண்ணெய் பூசிக் கொண்டுவருகிறவன், முட்டுகிற காளைக்குக் கஞ்சியில் எதையோ கலந்து கொடுத்துச் சாதுவாக நிறுத்துகிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. இவன் அந்த ரகம் இல்லை. அதைவிட மோசம். இவன் நல்லவன்.

நீங்க போனில் அந்தப் புயல் படத்தைப் பார்த்துக்கொண்டு வந்தீங்க, அதனால்தான் வாயைத் திறந்தேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வீட்டு நியாயத்தைப் பேசுகிறவன் இல்லை நான். மறுபடியும் கடலில் ஒன்று சுற்றுகிறதாமே. மார்கழியிலும் விடமாட்டேன் என்கிறது. எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு போட்டிருக்கிறான் அதில்? வேண்டாம், சொல்லாதீங்க. நான் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

அவன் என் மாப்பிள்ளை. ஒரே மகள் கோகிலாவைக் கட்டியவன். பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரிந்திருக்கும், அதனால் சொல்ல மாட்டேன். திருச்சியில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் வாத்தியார். மழை, புயல் என்றால் போனில் வந்து படம் போட்டுப் பேசுவான். சர்க்கார் ஆள் கிடையாது, அவனாகப் பார்த்துச் சொல்வதுதான். ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் நாற்று நடுகிறவன், செங்கல் காயப்போடுகிறவன், கல்யாணப் பந்தல் போடுகிறவன் எல்லாம் அவன் வாயைத்தான் பார்ப்பார்கள். என்னிடம் வந்து, உங்க மருமகன் சொன்னா சொன்னதுதான் என்பார்கள். எனக்கு அப்போது நெஞ்சு இத்தனை அகலம் ஆகும்.

நான் பெரியண்ணன். மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர் பெரியண்ணன் என்று கேட்டால் கன்றுக்குட்டிகூட வழிகாட்டும். அப்பன் சொத்து எதுவும் இல்லை. விவரம் தெரியாத வயதில் சந்தையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவன். யார் யாரிடமோ அறை வாங்கித்தான் பேரம் படித்தேன். அங்கே படித்தது ஒன்றுதான் தம்பி: முதலில் சொல்கிற விலை விலையே இல்லை. விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். இறக்குவதற்கென்றே ஏற்றிச் சொல்வது அது. அதைக் கேட்டு அப்படியே தலையாட்டுகிறவனைச் சந்தையில் மதிக்க மாட்டார்கள், பின்னால் நின்று சிரிப்பார்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்க. டிவியில் புயல் புயல் என்று கத்துகிறார்களே, எத்தனை தடவை வந்திருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டு, பிள்ளைகள் நல்ல வெயிலில் பம்பரம் விடுவதை நீங்க பார்த்ததில்லை? ஏற்றிச் சொல்கிறார்கள். குறைந்து வந்தால் யாரும் திட்டப்போவதில்லை என்று ஏற்றிச் சொல்கிறார்கள். இது எனக்குப் புரியாதா?

ஐப்பசிப் புயலைத்தான் சொல்கிறேன். உங்கள் பக்கமும் அடித்திருக்குமே. மறுநாள் எங்களுக்குச் சந்தை. என் கொட்டகை நிறைய மாடு. நல்ல நல்ல ஜோடிகளாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தேன். புயலுக்குப் பயந்து மற்றத் தரகர்கள் பாதிப் பேர் வரமாட்டார்கள், சந்தையே என் கையில் என்று கணக்குப் போட்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளையும் கோகிலாவும் காரைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். காப்பிகூடக் குடிக்கவில்லை. மாட்டையெல்லாம் அவிழ்த்து மேட்டு நிலத்தில் விடணுமாம், கொட்டகைக்குள் யாரும் போகக் கூடாதாம், நானும் வெள்ளையம்மாவும் அவர்களோடு திருச்சிக்குக் கிளம்பணுமாம். வெள்ளையம்மா என் சம்சாரம்.

மாட்டை மழையில் விடு என்று மாட்டுக்காரனிடம் சொல்கிறான். நனைந்த மாட்டுக்கு மயிர் ஒட்டிக்கொண்டு விலா தெரியும் தம்பி. வயிறு எக்கிக்கொண்டு நிற்கும். நோஞ்சான் என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவான் வியாபாரி. என் கொட்டகை தகரம் போட்டது. அம்பது வரைக்கும் காற்று தாங்கும் என்று வெல்டிங்காரன் சொல்லியிருந்தான். முதலில் அவன் என்னென்னவோ கம்பி, கொக்கி போல்ட் எல்லாம் கேட்டான், பாதி போதும் என்று நான் பேசி முடித்தேன். அது வேற கதை.

சரி, எவ்வளவு காற்று வரும், அதைச் சொல்லுங்க மாப்ள என்றேன். மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்றான்.

கடலோரத்தில் எவ்வளவு என்றேன். வேதாரண்யம் பக்கம் கரையேறும்போது நூற்றிருபது என்றான். அங்கிருந்து இங்கே வருவதற்குள் குறையுமா குறையாதா என்றேன். குறையும் மாமா என்றான். குறையும் என்று அவன் வாயாலேயே சொன்னான். கடல் தண்ணீரின் சூடுதான் புயலுக்குத் தீனியாம். கரையேறிவிட்டால் தீனி நின்றுபோகுமாம். நின்றால் இளைக்குமாம்.

இதை என்னிடமா சொல்வது? வாலிபத்தில் அந்த வேதாரண்யம் பக்கத்திலிருந்துதான் உம்பளச்சேரி மாடு ஓட்டிவருவேன் நான். கால்நடையாக. கிளம்பும்போது குத்துக்கல் மாதிரி நிற்கும். இங்கே வந்து சேரும்போது தோலும் எலும்புமாகத் தள்ளாடும். தீனி இல்லாமல் அந்தத் தூரம் நடந்தால் எது இளைக்காது? நூற்றிருபதில் கிளம்பியது இங்கே எண்பதாக வருமா? அந்தத் தரையை நடந்து பார்த்தவன் நான், அவன் படத்தில் பார்த்தவன். இது வேகமாக நடந்து வருகிற மாடு மாமா, இளைப்பதற்குள் நம் ஊரைத் தாண்டிவிடும் என்று என்னவோ சொன்னான். மாட்டைப் பற்றி எனக்குச் சொல்கிறான் பாருங்க என்று பழனியாண்டியைப் பார்த்துச் சிரித்தேன். பழனியாண்டி என் கூட்டுத் தரகன், பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனும் சிரித்தான்.

அப்புறம் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து மாப்பிள்ளை கையின் மேல் போட்டேன். எங்கள் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டோம், துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம், பார்த்திருப்பீங்க. ஒரு விரல் பத்து என்று வைத்துக்கொள்வோம் மாப்ள என்றேன். அவன் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தான். முழுக்கை ஒன்று, அப்புறம் மூன்று விரல். எண்பது. நான் அந்த மூன்றை ஒதுக்கிவிட்டு, முழுக்கையிலும் ஒரு விரலை மடக்கினேன். நாற்பது.

"மாமா, இது நான் வைக்கிற விலை இல்ல. காத்து," என்றான்.

காற்றோ காளையோ, சொல்கிறவன் மனுஷன்தானே மாப்ள, இறங்கி வாங்க என்றேன். எழுபதிலிருந்து எண்பதுக்குள் இருக்கும் என்றான். பார்த்தீங்களா? எண்பதுதான் நிஜம் என்றால் இந்த எழுபது எங்கேயிருந்து வந்தது? அப்படியானால் எழுபதுதான் என்றேன். எல்லா நேரமும் ஒரே மாதிரி அடிக்காது, சராசரியாக அறுபதுகூட இருக்கலாம், ஆனால் இடையிடையே வீச்சு ஒன்று வரும், அதுதான் ஆபத்து என்றான். இருக்கலாம் என்றானா இல்லையா? அறுபதுக்கு வந்தாயிற்று. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கிற கரட்டுக் குன்று மறைக்காதா என்றேன். கொஞ்சம் மறைக்கும் மாமா என்றான். அம்பது. ஒவ்வொரு விரலாக அவனேதான் மடக்கினான். நான் அழுத்தினேன், ஒத்துக்கொள்கிறேன், அழுத்துவதுதான் என் வேலை.

அதற்குமேல் நகர மாட்டேன் என்று நின்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சத்தம் போட்டேன். நாலு பேர் எதிரில் மாமனாரை முட்டாளாக்கவா காரைப் போட்டுக்கொண்டு வந்தீங்க என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதெல்லாம் கோபத்தில் வருவது. வெள்ளையம்மா காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். கோகிலா தரையைப் பார்த்தாள். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"சரி மாமா. நாப்பதுன்னே வச்சுக்குங்க."

கையை அழுத்திக் கொடுத்தான். பழனியாண்டி சாட்சி. எங்கள் சந்தையில் துண்டுக்குள் கை கொடுத்துவிட்டால் அப்பீல் கிடையாது தம்பி. ஓட்டிப் போகிற வழியில் மாடு செத்து விழுந்தாலும் கொடுத்த கை கொடுத்ததுதான். வாயில் நாற்பது, கையில் நாற்பது. முடிந்தது. நான் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினேன்.

கிளம்பும்போது, அத்தையாவது எங்ககூட வரட்டுமே மாமா என்று கேட்டான். நாற்பது காற்றுக்கு எதற்கு ஊரைவிட்டு ஓடணும் என்றேன். வெள்ளையம்மா ஒரு பையில் சேலையெல்லாம் எடுத்து வைத்திருந்திருக்கிறாள், அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சொன்னால்தானே தெரியும்? பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் கரைக்கப் போய்விட்டாள்.

விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் அடித்தது. அதைக் காற்று என்றா சொல்வது? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேப்பமரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது, சாய்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கொட்டகைத் தகரம் ஒவ்வொன்றாக அப்பளம் மாதிரி பறக்கிறது. உள்ளே மாடு கதறுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாருங்க, உடனே போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். என்ன மாப்ள இது, இதுதான் உங்க நாப்பதா, கை குடுத்தீங்களா இல்லையா என்று கேட்டேன். அவன் என்னவோ கத்துகிறான். உள்ள போங்க மாமா, அத்தை எங்க மாமா, அத்தை எங்க என்று அதையே கேட்கிறான். நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேற எதையோ பேசுகிறானே என்று எனக்கு இன்னும் ஏறியது. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்க என்றேன். டவர் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், விடவில்லை.

திரும்பிப் பார்த்தால் கொட்டகையிலிருந்து மாடு ஒவ்வொன்றாக ஓடிவருகிறது. வெள்ளையம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். கயிற்றையெல்லாம் அறுத்து விட்டிருக்கிறாள். எல்லா மாடும் வெளியே வந்துவிட்டது. ஒன்றுக்குக்கூடச் சின்னக் கீறல் கிடையாது, அதைச் சொல்லணும், கெட்டிக்காரி. கடைசிக் காளை வெளியே வந்ததும் கிழக்குச் சுவர் உள்பக்கமாக விழுந்தது.

இடுப்பெலும்பும் தொடையெலும்பும்.

காற்று கொஞ்சம் அடங்கியதும் அவன்தான் வந்தான். வழியெல்லாம் மரம். காரை எங்கேயோ போட்டுவிட்டு நடந்து, யாருடைய டிராக்டரிலோ தொற்றிக்கொண்டு வந்தான். அவளை ஒரு கதவில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், உள்ளே பிளேட், எல்லாவற்றுக்கும் அவன்தான் நின்றான். அதை இல்லை என்று நான் சொல்லவில்லையே. அதனால்தானே சொல்கிறேன், நல்லவன் என்று.

அப்புறம் அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். வாக்கர் வைத்துக்கொண்டு நடக்கிறாள். கார்த்திகை முழுக்க வாரம் தவறாமல் இதே பஸ்ஸில் போய்க் கூப்பிடுகிறேன், வரவில்லை. கால் சரியாகட்டும் என்றாள், சரி. படி ஏற முடியவில்லை என்றாள், சரி, வாசல்படியையே இடித்துச் சரிவாகப் போட்டுவிட்டு வந்து சொன்னேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு அந்த வீட்டுல பயமா இருக்குங்க."

கொட்டகையைப் புதிதாகக் கட்டியாயிற்று, இந்தத் தடவை வெல்டிங்காரன் கேட்ட கம்பி அத்தனையும் போட்டாயிற்று, இன்னும் என்ன பயம் என்றேன். கொட்டகைக்கு இல்லை என்றாள். வேற எதற்கு என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண்கள் இப்படிப் பாதியில் விட்டால் நாம் எதைப் பிடித்துப் பேசுவது?

என் மேல் கோபம் என்று எனக்குத் தெரியாதா என்ன. தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் எதிரில் நிறுத்தினேன். மாப்ள, நாப்பதுன்னு சொன்னது யாரு, நீங்களா நானா, உங்க அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசணுமே? இல்லை மாமா, எண்பது என்றேன், நீங்கதான் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை? நான் அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஆமா அத்தை, நான்தான் சொன்னேன், என் தப்புதான் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டான்.

வெள்ளையம்மா என்னைப் பார்த்தாள். நாற்பது நாள் படுத்துக் கிடந்தவள் மாதிரி இல்லை அந்தப் பார்வை.

"எம்பதுன்னு வந்த பிள்ளைய நாப்பதாக்குனீங்க. இப்ப செய்யாத தப்பையும் ஒத்துக்க வச்சுட்டீங்க. இன்னும் எவ்வளவு எறக்கணும் உங்களுக்கு?"

நான் எறக்கினேனாம். அவன் இறங்கினான் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கோகிலா வாசல் வரைக்கும் வந்து இன்னொன்றும் சொன்னாள். அவர் இப்ப யாருக்கும் சொல்றதில்லப்பா என்றாள். போனில் வந்து பேசுவதை நிறுத்திவிட்டானாம். ஜனங்கள் கேட்டால் சர்க்கார் சொல்வதைப் பார்த்துக்குங்க என்று சொல்லிவிடுகிறானாம். ராத்திரி உட்கார்ந்து படத்தையெல்லாம் பார்க்கிறானாம், எழுதுகிறானாம், காலையில் அழித்துவிடுகிறானாம். அதற்கும் என்னைத்தான் பார்த்தாள்.

டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டர். இதோ. ராம்ஜிநகர் தாண்டினதும் குரல் கொடுங்க.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? இந்தப் புதுப் புயல் சங்கதி காதில் விழுந்ததும் நானே அவனுக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரே என்னிடம் வந்து கேட்கிறது தம்பி. பந்தல்காரன் கேட்கிறான், சூளைக்காரன் கேட்கிறான், பழனியாண்டிகூடச் சிரிக்காமல் கேட்கிறான். உங்க மருமகன் என்ன சொல்றாரு, என்ன சொல்றாரு என்று. மரியாதையாகத்தான் கேட்டேன். மாப்ள, இதுவும் கரையேறி நம்ம பக்கம்தான் வருமாமே, வந்து சேரும்போது எவ்வளவு இருக்கும் என்றேன்.

"உங்களுக்கு எவ்வளவு வேணும் மாமா?"

அப்படிக் கேட்டான். கிண்டல் இல்லை. கிண்டல் என்றால் எனக்குத் தெரியும், திருப்பிக் கொடுத்திருப்பேன். நிஜமாகவே கேட்டான். கடைக்காரன் கேட்பானே, எவ்வளவு வேணும் என்று, அந்த மாதிரி. நான் சொன்னால் அதையே சொல்லிவிடத் தயாராக இருந்தான். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

இது என்ன நியாயம், சொல்லுங்க. நான் கேட்பேன். கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், எனக்கு வேற எதுவும் தெரியாது. டாக்டரிடம் கேட்பேன், சாமியிடம் கேட்பேன். டாக்டர் குறைத்தாரா? எலும்பு சேர இவ்வளவு நாள் ஆகும் என்றார், நான் எவ்வளவு தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு நாள் குறைக்கவில்லை, ஓரமாகப் போய் உட்காருங்க பெரியவரே என்றார். போய் உட்கார்ந்தேனா இல்லையா? இவனுக்கு மட்டும் என்ன வந்தது? தெரிந்தவன் அவன். படித்தவன் அவன். நிஜத்தைக் கையில் வைத்திருந்தவன் அவன். அதை என் சத்தத்துக்குப் பயந்து, மாமனார் மனசு கோணக் கூடாது என்று, அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டானே. மரியாதையாம். அந்த மரியாதை அங்கே வாக்கர் பிடித்து நடக்கிறது.

சரி, இடம் வருகிறது. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க.

இன்றைக்கு நேராகப் போய் அவன் எதிரில் உட்காரப் போகிறேன். வெள்ளையம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் ஊருக்கு எவ்வளவு என்று கேட்கப் போகிறேன். அவன் பார்த்து, கணக்குப் போட்டு, ஒன்றைச் சொல்லணும். எனக்கு எவ்வளவு வேணும் என்று கேட்கக் கூடாது. சொன்ன பிறகு நான் குறைக்கச் சொல்வேன். சொல்ல மாட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை தம்பி, வாயில் தானாக வந்துவிடும். கத்துவேன். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போவேன், கூப்பிடுவான் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் போவேன். அவன் கூப்பிடக் கூடாது. நான் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்பேன். அப்போதும் அசையக் கூடாது. முடியாது மாமா என்று என் மூஞ்சிக்கு நேராகச் சொல்லணும், அவள் காதில் விழுகிற மாதிரி, சத்தமாக. இவ்வளவு நாளாக எனக்குத் தராமல் வைத்திருக்கிறானே அந்த ஒரு வார்த்தை, அதைத் தரட்டும். தந்துவிட்டு அவன் கையாலேயே அவளை எழுப்பி, கூட்டிக்கொண்டு போங்க என்று என்னோடு அனுப்பி வைக்கட்டும்.